மழைக்கால விடுமுறையும் தொழிலாளி வீட்டு விளக்கும்

டிசம்பர் பிறந்துவிட்டால் போதும். கோலாலம்பூரின் பெரிய அங்காடிகளில் பனி பெய்யத் தொடங்கிவிடுகிறது. பஞ்சினாலும் சோப்பு நுரையினாலும் செய்த பனி! வெளியே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் புழுக்கம். உள்ளே பனி மூடிய கூரையும், மான் பூட்டிய வண்டியும், கம்பளி அங்கி அணிந்த தாத்தாவும். பிரிக்பீல்ட்ஸில் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் புத்த விகாரைக்கும் நடுவே பிறந்து வளர்ந்த நம்மவருக்குக் கிறிஸ்து பிறப்பு விழா அந்நியமானதன்று. அதைப் பற்றி நமக்கு யாதொரு குறையும் இல்லை. நாம் வியப்பதெல்லாம் அந்தப் பஞ்சுப் பனியைக் கண்டுதான். குளிர்நாட்டில் ஆண்டு முடிவில் வேலையை நிறுத்தி, கதவைச் சாத்தி, கணப்பைச் சுற்றிக் குடும்பம் உட்காருகிறது. வியாபாரிகள் பனியை நமக்கு இறக்குமதி செய்து தந்தார்கள். குடும்பம் கூடி உட்காருகிற அந்த நேரத்தை இறக்குமதி செய்ய மறந்துவிட்டார்கள்.

நமக்கும் ஒரு குளிர்காலம் உண்டு, தோழர்களே. அக்டோபர், நவம்பர் மாதங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை கனக்கிறது; டிசம்பரிலும் விட்டு விட்டுப் பெய்கிறது. மரம் நனைந்தால் வெட்டு இல்லை. மழை ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஆண்டுத் தொடக்கத்து வறண்ட வாரங்கள் வந்துவிடுகின்றன. மரம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாய் நிற்கும். தளிர் விட்டு முடிகிற வரையில் பால் குறைவு. துரைமார் இதற்கு வைத்த ஆங்கிலப் பெயரே குளிர்காலம் என்னும் பொருளுடையது. ஆக, மழையில் வெட்டு இல்லாத காலம் ஒன்று, இலையுதிர்வில் பால் இல்லாத காலம் ஒன்று. இவ்விரண்டுக்கும் இடையில்தான் கார்த்திகை விளக்கும், மார்கழிப் பஜனையும், தைப் பொங்கலும், தைப்பூசமும் வந்து நிற்கின்றன. கை வறண்டிருக்கும் காலத்திலேயே விசேஷங்கள் அத்தனையும் வருவது நம் விதியா, நம் முன்னோரின் சாமர்த்தியமா என்று நமக்குச் சொல்லத் தெரியவில்லை.

பள்ளி விடுமுறையும் இதே வேளையில்தான். முன்பெல்லாம் நவம்பரில் பள்ளி மூடினால் புத்தாண்டுக்குத்தான் திறக்கும். பெருந்தொற்றுக்குப் பிறகு 2022 முதல் சில ஆண்டுகள் கல்வியாண்டின் தொடக்கம் மார்ச், பிப்ரவரி என்று தள்ளிப் போயிற்று. 2026இல் மீண்டும் ஜனவரிக்கே திரும்பிற்று. பிள்ளைகளின் பெரிய விடுமுறை மறுபடியும் மழையோடு வந்து சேர்ந்துகொண்டது. பள்ளிச் சீருடை, காலணி, புத்தகப் பை என்ற செலவும் கூடவே வந்து சேர்ந்துகொண்டது என்பதைத் தகப்பன்மார் அறிவர்.

இந்த மழையையும் விடுமுறையையும் பற்றித் தோட்டத்தில் வளர்ந்த எவரைக் கேட்டாலும் ஒரே செய்தியைச் சொல்லுவார்கள். பட்டணத்தில் பிறந்த பிள்ளைகளுக்காக அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

விடியற்குளிரில் மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். அப்போது பட்டையில் உளி பட்டால் பால் தாராளமாக ஓடும்; வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். ஆகவே பால்மரம் வெட்டுகிறவர் இருட்டிலேயே எழுந்தாக வேண்டும். மார்கழியில் விடியுமுன் எழுவது புண்ணியம் என்பார்கள். தொழிலாளிக்குப் பன்னிரண்டு மாதமும் மார்கழிதான். அம்மா அடுப்பை மூட்டி, வரக்காப்பியை ஊற்றிவைத்து, தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடுவாள். குழந்தை கண் விழிக்கும்போது எதிரே இருப்பது ஆயாவின் முகம். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. மூடிவைத்த சோறும், தம்பியைப் பார்த்துக்கொள் என்ற உத்தரவும்தான்.

ஆனால் விடியற்காலையில் தகரக் கூரையில் சடசடவென்று மழை விழுந்தால்? அன்றைக்கு அம்மா வீட்டில் இருப்பாள்! பிள்ளை கண் விழிக்கும்போது அடுப்பங்கரையில் அம்மாவின் குரல் கேட்கும். அப்பா திண்ணையில் உட்கார்ந்து உளியைத் தீட்டிக்கொண்டிருப்பார். மரவள்ளிக்கிழங்கு வேகும்; சம்பல் அரைபடும். பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து உட்கார்ந்து கதை சொல்லுவாள். பல்லாங்குழி வெளியே வரும். பிள்ளைகளுக்கு அன்று திருவிழா. அவர்கள் மழை பெய்ய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு படுத்தார்கள். பெற்றவர்களோ மழை பெய்யக் கூடாது என்று வேண்டிக்கொண்டு படுத்தார்கள். ஏனென்றால் வெட்டு இல்லாத நாளில் கூலி இல்லை. கடைப் பற்று மட்டும் ஏறும். ஒரே பாயில் படுத்திருந்தவர்கள் இரண்டு விதமாகச் சாமியைக் கும்பிட்டார்கள். நாட்கூலி முறையின் கொடுமையை விளக்க இதற்கு மேல் ஒரு கணக்கு வேண்டுமா?

நாம் இந்தக் கட்டுரையில் சொல்ல விரும்புவது இதுதான். பிள்ளை விரும்பிய மழை நாளைச் சம்பளம் குறையாமல் நமக்குத் தருவதற்குப் பெயர் லீவு. அதைப் பெறுவதற்கு இரண்டு தலைமுறை பாடுபட்டது. கிடைத்த பிறகு நம்மில் பலர் அதைக் காசுக்கு விற்றுவிடுகிறார்கள்.

பாடுபட்ட கதையைக் கிள்ளானிலிருந்தே தொடங்கலாம். 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் அவர்களுக்குத் துணை நின்றது. சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியைத் தமிழனுக்கும் கொடு என்பது முக்கியக் கோரிக்கை. இதனை யாவரும் அறிவர். துரைக்கு எதிரே சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றதும் பலருக்கு நினைவிருக்கும். பட்டியலில் அவற்றோடு நின்ற வேறு சில கோரிக்கைகளை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. பத்து மணி, பன்னிரண்டு மணி நேர வேலையை ஒழிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். நம் பெண்கள்மீது எவனும் கை வைக்கக் கூடாது. உற்றார் உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போக வேண்டும்.

கடைசிக் கோரிக்கையைச் சற்று நின்று படியுங்கள். அண்ணன் வீட்டுக்குத் தங்கை வந்துபோக உரிமை வேண்டும் என்று வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள்! மாமன் மச்சான் வந்தால் தோட்ட வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கிற காலம் அது. அந்தக் கோரிக்கைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு வீடு கண்முன் வருகிறது. பொழுது சாயுமுன் தகப்பன் வீடு திரும்புகிறான், குடிக்காமல் திரும்புகிறான். பிள்ளை படிக்கிறது. மனைவி அச்சமின்றி இருக்கிறாள். விருந்தாளி வந்து உட்கார்ந்திருக்கிறார். இத்தனைக்கும்தான் அவர்கள் போராடினார்கள். அந்த ஆண்டு மே மாதம் நாதன் கைதானார். பிறகு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, பட்டாளம் இறங்கிற்று, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். குடும்பத்தோடு கூடி உட்கார்ந்து ஒரு வேளை சோறு உண்பதற்கு இந்த மண்ணில் அப்படியொரு விலை கேட்கப்பட்டது.

இன்றைய நிலை என்ன? 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் இன்றும் நம் கையில் இருக்கிறது. இரண்டாண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 8 நாள் லீவு. இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 12 நாள். ஐந்தாண்டு நிறைந்தால் 16 நாள். இது சட்டம் வைத்த குறைந்த அளவு. ஒப்பந்தத்தில் இதற்கு மேலும் பெறலாம். பொது விடுமுறை 11 நாள். 2023 ஜனவரி முதல் வார வேலை நேரம் 48இலிருந்து 45 மணியாகக் குறைந்தது. பிரசவ லீவு 98 நாளாயிற்று. மனைவி பிள்ளை பெற்றால் கணவனுக்கு 7 நாள் என்ற புதுமையும் வந்தது. சில மூத்த தோழர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். தகப்பன் வீட்டிலிருந்து என்ன செய்வான் என்று கேட்கிறார்கள். தண்ணீர் காய வைப்பான், துணி துவைப்பான், மூத்த பிள்ளைக்குச் சோறு ஊட்டுவான். வேறென்ன செய்ய வேண்டும்?

சட்டம் இப்படியிருக்க, லீவு எங்கே போகிறது? பொது விடுமுறையில் வேலைக்கு வந்தால் அந்நாள் சம்பளத்துக்கு மேல் இன்னும் இரண்டு நாள் சம்பளம் உண்டு. தீபாவளியா, தைப்பூசமா, நான் வருகிறேன் என்று கையைத் தூக்கிவிடுகிறார்கள். லீவை எடுக்காமல் விட்டு, நிர்வாகம் எழுதிக் கேட்டால் அதற்கும் காசு வாங்கிக்கொள்கிறார்கள். எழுதிக் கேட்காவிட்டால் அதுவும் போயிற்று. காலம் கடந்த லீவு வீண். அவர்களை நாம் பேராசைக்காரர் என்று சொல்லத் துணியமாட்டோம். குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கி, 2025இல் 1,700 வெள்ளிக்கு வந்திருக்கிறது. கிள்ளானில் வீட்டு வாடகையும், மோட்டார் சைக்கிள் தவணையும், கடைச் சாமானும் போக அந்த 1,700இல் என்ன மிஞ்சும் என்பதை எழுதிக் காட்டவே தேவையில்லை. ஆனால் அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. தீபாவளிக்கு வேலை செய்து வாங்கிய மேல்சம்பளம் பெரும்பாலும் எங்கே போகிறது? பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிள்ளைகளுக்கு ஒன்றுக்கு இரண்டாய் உடுப்பு வாங்கப் போகிறது. அப்பா வீட்டில் இல்லாத குறைக்கு இரண்டாவது உடுப்பு. இந்த வியாபாரத்தில் நமக்கு லாபம் இருப்பதாகத் தோன்றவில்லை.

பட்டணத்துப் பிள்ளைகளின் விடுமுறையை நினைத்தால் கவலை இன்னும் மிகுகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் பல இன்று இல்லை. பெராங் பெசார் தோட்டம் இருந்த இடத்தில் புத்ராஜெயா நிற்கிறது. உளி பிடித்தவரின் பிள்ளைகள் காவலாளியாகவும், லாரி ஓட்டுநராகவும், ஆலைத் தொழிலாளியாகவும், குமாஸ்தாவாகவும் அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கிறார்கள். தோட்டத்தில் ஆயாக் கொட்டகை என்று ஒன்றாவது இருந்தது. ஒழுகுகிற கொட்டகையானாலும், பார்க்க ஒரு மனுஷி இருந்தாள். அடுக்குமாடியில் தாயும் தகப்பனும் வெவ்வேறு ஷிப்டுக்குப் போய்விட்டால், விடுமுறை முழுதும் பிள்ளைகள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கின்றன. கையில் ஒரு தொலைபேசியைக் கொடுத்துவிட்டால் அவை சத்தம் போடுவதில்லை. அந்தச் சத்தமின்மையை நாம் நல்ல பிள்ளை என்று நம்பிவிடுகிறோம். அன்று லயத்தில் எஞ்சின் ஓடுகிற சில மணி நேரம்தான் மின்விளக்கு. எஞ்சின் நின்றதும் ஒரு மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தாக வேண்டும். இன்று இரவு முழுதும் விளக்கு எரிகிறது. ஆளுக்கு ஒரு மூலை. மண்ணெண்ணெய்ப் புகை திரும்பி வர வேண்டும் என்று நாம் ஆசைப்படவில்லை. அந்தப் புகையில் கண் கெட்டவர்களை நாம் அறிவோம்.

பழைய விடுமுறைகளைப் பொற்காலம் என்று எழுதவும் நம் பேனா மறுக்கிறது. விடுமுறை விட்டால் எத்தனையோ பிள்ளைகள் தாய்க்கு உதவியாக ஒட்டுப்பால் பொறுக்கப் போனார்கள். மங்கு துடைத்தார்கள். காண்டா வாளியைத் தூக்க முடியாமல் தூக்கினார்கள். கொசுக்கடி, அட்டைக்கடி, முள். அதில் ஒரு நெருக்கம் இருந்தது உண்மை. நிரையில் தாயும் பிள்ளையும் பேசிக்கொண்டே நடந்தார்கள். அந்தப் பேச்சுதான் நமக்கு வேண்டும், வாளி வேண்டாம்.

சகோதரிகளுக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால் ஆண் வாசகர் சிலர் முகம் சுளிப்பர், சுளிக்கட்டும். வீட்டின் கதகதப்பு என்று எழுதுகிறவர்கள் எல்லாரும் அடுப்பைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். அடுப்பின் எதிரே நிற்பவள் யார்? ஆணுக்குச் சமமாக மரம் வெட்டி, பாலைச் சுமந்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தவள், விடுமுறை நாளில் முறுக்கும் அதிரசமும் சுட்டுக்கொண்டு நிற்கிறாள். குடும்பமே கூடத்தில் குதூகலமாக இருக்கிறது. அவள் மட்டும் புகையில் இருக்கிறாள். அப்படிப்பட்ட விடுமுறையில் வெளிச்சம் வீட்டின் முன்பாதியில்தான். மாவு பிசைய ஆண்கள் கற்றுக்கொண்டால் தோட்டமே இடிந்து விழுந்துவிடாது. மகனுக்கும் மகளுக்கும் ஒரே வேலையைப் பங்கிட்டுக் கொடுங்கள். தேங்காய் துருவ மகன், விளக்குத் துடைக்க மகள், கோலத்துக்கு இருவரும். விடுமுறையின் ஒரு நாளாவது சமையலறை அவளுக்கு மூடியிருக்கட்டும். நாசி லெமாக் பொட்டலம் வாங்கிச் சாப்பிட்டாலும் பாதகமில்லை.

இப்படி அடுப்பும் விளக்கும் அடியோடு போன விடுமுறை ஒன்றையும் நாம் பார்த்தோம். 2021 டிசம்பர் 18ஆம் நாள், சனிக்கிழமை. விடாத மழையில் கிள்ளான் பள்ளத்தாக்கே வெள்ளக்காடாயிற்று. ஷா ஆலம் ஸ்ரீ மூடா குடியிருப்பில் கீழ்த்தளங்கள் மூழ்கின, மின்சாரம் நின்றது. அங்கே நம்மவர் குடும்பங்கள் நிறைய. மாடி இருந்த வீடுகளில் மாடியில்லாதவர்கள் ஏறிக்கொண்டார்கள். யார் என்ன இனம், என்ன மதம், பேச்சுவார்த்தை உண்டா இல்லையா என்பதை எவரும் கேட்கவில்லை. படகு வைத்திருந்தவர்கள் தாமாக வந்தார்கள். குருத்துவாராவில் சீக்கியத் தோழர்கள் இரவு பகலாகச் சமைத்து அனுப்பினார்கள். இருட்டில் ஒரு மெழுகுவத்தியைச் சுற்றி மூன்று நான்கு குடும்பங்கள் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தன. ஆண்டுக்கணக்கில் ஒரே சந்தில் குடியிருந்தும் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாதிருந்ததை அன்றுதான் பலர் உணர்ந்தார்களாம். பெயர் தெரிந்துகொள்ள ஒரு வெள்ளம் வர வேண்டுமா என்பதே நம் கேள்வி. ஒரு தட்டு பலகாரத்தோடு கதவைத் தட்டினால் தெரிந்துவிடும்.

தட்ட வேண்டிய கதவு ஒன்று தோட்டத்திலேயே இருக்கிறது. நம்மவர் காலி செய்த லயங்களில் இன்று வங்காளதேசத்தாரும், நேப்பாளியரும், இந்தோனேசியரும் இருக்கிறார்கள். அதே இருட்டில் எழுந்து, அதே வாளியைச் சுமக்கிறார்கள். அவர்களுடைய அம்மாவும் பிள்ளையும் கடலுக்கு அப்பால். நம் பாட்டனும் ஒரு காலத்தில் இப்படித்தான் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து, ஊரில் விட்டுவந்த குடும்பத்தை நினைத்துக்கொண்டு தனியே படுத்துக் கிடந்தான். அவன் வந்ததால் கூலி குறைந்தது என்று அன்று பேசியவர்களும் உண்டு. தீபாவளியன்று அந்தக் கதவுக்கு ஒரு தட்டு போகட்டும். பெருநாளன்று அவர்கள் கொடுப்பதை நாம் வாங்கிக்கொள்வோம்.

இனிக் காரியத்துக்கு வருவோம். தீபாவளிக்குப் பொது விடுமுறை உண்டு. சிலாங்கூரில் தைப்பூசத்துக்கும் உண்டு. கோலாலம்பூரில் 2008 முதல் உண்டு. பொங்கலுக்கு இல்லை. பொங்கலன்று வாசலில் பானை வைக்க வேண்டுமானால் சொந்த லீவைத்தான் எடுக்க வேண்டும். எல்லாரும் ஒரே நாளில் கேட்டால் நிர்வாகம் மறுக்கும். மறுத்த பிறகு மனஸ்தாபம்தான் மிச்சம். ஆகவே தீபாவளி முடிந்த கையோடு ஒவ்வொரு கிளையிலும் இதைப் பேசி எடுங்கள். சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குப் பள்ளி விடுமுறையில் முதல் உரிமை கொடுங்கள். பிள்ளையில்லாதவர்களும், பிள்ளைகள் வளர்ந்துவிட்டவர்களும் அந்நாட்களில் நிரையைப் பார்த்துக்கொண்டு, வேறு மாதத்தில் தங்கள் லீவை எடுத்துக்கொள்ளட்டும். கிராணிமாருக்கும் குமாஸ்தாமாருக்கும் நம் வேண்டுகோள் ஒன்று உண்டு. யார் யாருக்கு எத்தனை நாள் லீவு பாக்கி, எந்தத் தேதியில் அது வீணாகும் என்பது உங்கள் ஏட்டில் இருக்கிறது. படிக்கத் தெரியாத மூத்த தொழிலாளி தானாக வந்து கேட்கமாட்டார். நவம்பர்ச் சம்பள நாளன்று அவரை நிறுத்தி, ஐயா, உங்களுக்கு இன்னும் இத்தனை நாள் இருக்கிறது, பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளி இந்தத் தேதியில் மூடுகிறது என்று சொல்லி, பாரத்தையும் நீங்களே நிரப்பிக் கொடுங்கள்.